செவ்வாய் வெள்ளி, ஐந்து நிமிடம்

முற்றத்து வெளிச்சத்தில் அம்மா என்னை முன்னால் உட்கார வைத்து, தரையில் ஒரு பழைய கறுப்புத் துணியை விரித்து, தலையைக் குனியச் சொல்வார். பேன் சீப்பு பிடரியிலிருந்து நெற்றி நோக்கி இறங்கும். துணியில் பேன் விழாது. தவிடு மாதிரி வெள்ளைப் பொடி விழும். நடுநடுவே பாதி நகம் அளவுக்கு மஞ்சள் செதில்கள். அவற்றை விரலில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். செதில் பெயர்ந்த இடத்தில் சீப்பின் பல் பட்டால் சுரீரென்று எரியும். "எண்ணெய் வைக்காம தலை காஞ்சு கெடக்கு பாரு" என்பார் அம்மா. அன்றிரவே தேங்காய் எண்ணெய் காயும், மிளகு வெடிக்கும், என் தலை ஊறத் தொடங்கும்.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது சீருடையின் நீலத் தோளில் ஒரு பொடி இருக்காது. அம்மாவுக்கு நிம்மதி. மூன்றாம் நாள் கணக்கு வகுப்பில் பென்சில் முனையால் தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன். பின்பெஞ்சில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த எண்ணெய் செய்த வேலை என்ன என்பது பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. செதில்கள் எங்கும் போய்விடவில்லை. எண்ணெயில் நனைந்து மண்டையோடு ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். ஈரமான தவிடு பறக்காது. அம்மா பார்த்த செதிலிலேயே துப்பு இருந்தது: காய்ந்த தோலிலிருந்து உதிர்வது பிசுபிசுக்காது. என் தலையில் குறைவாக இருந்தது எண்ணெய் இல்லை.

மருத்துவர்கள் இதை செபோரிக் டெர்மடைட்டிஸ் என்பார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள தோலில் வரும் அழற்சி என்று பொருள். நம் ஊரில் எக்ஸிமாவுக்கு நெடுங்காலமாக இருக்கும் சொல் கரப்பான். ஆகவே இந்த அத்தியாயத்தில் இதைத் தலைக்கரப்பான் என்றே அழைக்கிறேன். பொடுகும் இதுவும் வேறு வேறு நோய்கள் அல்ல. செதில் மட்டும் உதிர்ந்தால் பொடுகு. அதோடு தோல் தடித்து, நிறம் மாறி, நீர் கசிந்து, அரித்தால் கரப்பான். வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்க்கையில் ஏதோவொரு கட்டத்தில் பொடுகு உண்டு. அதில் சிறு பங்கினருக்கே அது கரப்பானாக முற்றுகிறது.

அது எங்கே வருகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். தலை, புருவம், மூக்கின் இரு பக்க மடிப்பு, காதின் பின்புறம், மார்பின் நடுப்பகுதி. முழங்கையிலோ உள்ளங்காலிலோ வராது. தலையிலும் முகத்திலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. எப்போது வருகிறது என்பதும் இதையே சொல்கிறது. பிறந்த சில வாரங்களில் ஒருமுறை தலைகாட்டும், அப்போது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்கள் குழந்தையின் சுரப்பிகளைத் தூண்டிவிட்டிருக்கும். சில மாதங்களில் அந்தச் சுரப்பிகள் உறங்கிவிடும், நோயும் போய்விடும். பிறகு பருவ வயதில் சுரப்பிகள் மறுபடி விழிக்கும்போது திரும்பி வரும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலையில் செதிலும் அரிப்பும் என்றால், அது பெரும்பாலும் வேறு ஏதோ. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுரப்பிகள் எல்லோருக்கும்தான் இருக்கின்றன. அழற்சி ஏன் சிலருக்கு மட்டும்? இந்தக் கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தது.

1874ல் பிரான்சில் லூயி சார்ல் மலசே என்பவர் பொடுகுச் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தோல் துணுக்குகளுக்கு இடையில் முட்டை வடிவில் பொடிப்பொடியாக உயிரணுக்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மொட்டு. தாயணுவும் மொட்டும் சேர்ந்தால் சுரைக்குடுக்கை மாதிரி இருக்கும். ஈஸ்ட் வகைப் பூஞ்சை அது. பின்னால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்: மலசீசியா. 1887ல் ஜெர்மனியின் பால் உன்னா இந்தக் கரப்பானைத் தனி நோயாக விவரித்தார். பூஞ்சைதான் காரணம் என்பது அன்று ஒரு வலுவான கட்சி.

அந்தக் கட்சிக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பொடுகே இல்லாத தலையிலும் அதே மலசீசியா இருந்தது. உங்கள் தலையிலும் என் தலையிலும், இந்தப் பக்கத்தை அச்சிட்டவர் தலையிலும் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒருவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எதிர்க்கட்சி ஓங்கியது. தோலணுக்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் பிறந்து உதிர்வதுதான் நோய், பூஞ்சை அந்தக் குப்பையில் பிழைக்க வந்தது என்றார்கள். சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் ஓர் அணு மேலேறி உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். இந்த நோயில் அவை அவசரமாக, முதிராமல், ஒன்றோடொன்று ஒட்டியபடியே மேலே வந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்த கட்டிதான் தோளில் விழும் ஒரு செதில். அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது சரி. 1976ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும், பூஞ்சையைக் குறைத்தும் பொடுகு குறையவில்லை என்று எழுதினார்கள். கிளிக்மன் தோல் மருத்துவத்தில் பெரிய பெயர். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளை ஆண்டுக்கணக்கில் சோதனைப் பொருளாக்கியவரும் அவர்தான் என்பதை, அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

வழக்கைத் திருப்பியது ஒரு மருந்து. பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்தில் 1970களில் உருவான கீட்டோகொனசோல். அதற்கு முன்பிருந்த செலினியம் சல்பைடும் ஜிங்க் பைரிதியோனும் பூஞ்சையையும் அடக்கும், தோலணுக்களின் வேகத்தையும் குறைக்கும் என்று கருதப்பட்டதால், குணமானால் எதனால் குணமானது என்று சொல்ல முடியாமல் இருந்தது. கீட்டோகொனசோல் முதன்மையாகப் பூஞ்சைக்கான மருந்து. அதைக் கொடுத்தார்கள், கரப்பான் அடங்கியது. நிறுத்தினார்கள், பூஞ்சை பெருகியது, பின்னாலேயே செதிலும் வந்தது. 1984ல் பிரிட்டன் தோல் மருத்துவர் சாம் ஷூஸ்டர் பழைய சான்றுகளையெல்லாம் மறுபடி எடுத்து வைத்து, மலசே சொன்னதுதான் சரி என்று வாதாடினார். அந்த வாதம் நின்றது.

ஆனாலும் முதல் கேள்வி அப்படியே இருந்தது: எல்லார் தலையிலும் இருப்பது சிலரை மட்டும் ஏன் வாட்டுகிறது? இதற்கு விடை கிடைத்தது பூஞ்சையின் சாப்பாட்டுப் பழக்கத்தில்.

2007ல் மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். ஏறத்தாழ 90 லட்சம் எழுத்துகள், 4,000க்குச் சற்று மேற்பட்ட மரபணுக்கள். பூஞ்சைகளில் இது மிகச் சிறிய தொகுதி. அதில் ஒன்று இல்லாததுதான் செய்தி. உயிர்கள் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளப் பயன்படும் நொதி ஒன்று உண்டு. மலசீசியாவிடம் அதற்கான மரபணு இல்லை. சமைக்கத் தெரியாத குடித்தனக்காரர் மாதிரி, நம் தலை சுரக்கும் எண்ணெயை நம்பித்தான் அது வாழ்கிறது. ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சையை வளர்ப்பவர்கள் வளர்ப்புத் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயைப் பூசி வைப்பது வழக்கம். எண்ணெய் இல்லாவிட்டால் அது வளராது.

எண்ணெயை அது அப்படியே விழுங்குவதில்லை. லைப்பேஸ் என்ற நொதிகளை வெளியே கக்கி, நம் எண்ணெயை உடைக்கிறது. உடைந்ததில் தனக்கு வேண்டிய செறிந்த கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தில் முக்கியமானது ஓலிக் அமிலம். அது தோலின் மேலடுக்குக்குள் ஊடுருவி, அணுக்களுக்கு இடையே இருக்கும் காரையைக் குலைக்கிறது. ஓலிக் அமிலத்தை நேரடியாகத் தலையில் தடவிப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். பொடுகு வரும் தன்மை உள்ளவர்களுக்கு, பூஞ்சையை அகற்றிய பின்னும், செதில் உதிர்ந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, மூன்று சேர வேண்டும். சுரக்கும் எண்ணெய், அதை உடைக்கும் பூஞ்சை, உடைந்ததைத் தாங்காத தோல். முதலிரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது பிறவியோடு வருவது. குளிக்காததாலோ அழுக்காலோ இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதுமில்லை. என் பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சுக்காரியிடம் இதைச் சொல்ல எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. ஆகவே இங்கே, இதைப் படிக்கும் ஒவ்வொரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்கிறேன்: உன் சீப்பைத் தனியாக வைக்கச் சொன்னவர்கள் தவறு செய்தார்கள்.

பிறவியோடு வருவது என்பதால் இதை வேரோடு பிடுங்கி எறியும் மருந்து கிடையாது. பூஞ்சையை முற்றாக அழித்தாலும் சில வாரங்களில் அது திரும்பக் குடியேறும். "ஒரே பாட்டிலில் நிரந்தரத் தீர்வு" என்று எழுதி விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோல் நோய்களில் இவ்வளவு எளிதாக அடங்கக்கூடியது அதிகம் இல்லை. அடங்காமல் போவது பெரும்பாலும் பயன்படுத்தும் முறையினால்.

முறை என்று நான் சொல்வதை ஒரு மருத்துவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் அவரிடம் போய், கீட்டோகொனசோல் ஷாம்பு எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவர் தலையைப் பார்க்கவில்லை, முதலில் கேள்விதான் கேட்டார். "ஏம்மா, தலையில எத்தனை நிமிஷம் வச்சிருந்தே?"

"நுரை வந்ததும் அலசிடுவேன் டாக்டர்."

"அப்போ மருந்து தண்ணியோட போயிருக்கு, தலைக்குப் போகலை."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பாட்டிலில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. முதலில் சாதாரண ஷாம்பு போட்டோ சீயக்காய் தேய்த்தோ தலையில் இருக்கும் எண்ணெயையும் தூசியையும் போக்கிவிட வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் மருந்தைப் போட்டால் அது தோலைத் தொடாது. பிறகு முடியை வகிடு வகிடாகப் பிரித்து, 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்புவை விரல் நுனியால் மண்டைத் தோலில் தடவ வேண்டும். நோய் இருப்பது தோலில். முழங்கால் வரை பின்னல் தொங்கினாலும் முடிக்கு மருந்து வேண்டாம். நகம் படக்கூடாது. புருவத்திலும் காதின் பின்னும் செதில் இருந்தால் அதே நுரையை அங்கேயும் கொஞ்சம் தொட்டு வைக்கலாம், கண்ணில் இறங்காமல். அப்புறம் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் குறைந்தபட்சம், ஐந்து நிமிடம் நல்லது. குளியலறையில் வெறுமனே நிற்கும்போது ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரியும். நான் கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்துவிட்டு, அது முடிந்த பிறகே தண்ணீரைத் திறப்பேன்.

இப்படி வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். நம் வீடுகளில் பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்று தலைக்குக் குளிக்கும் நாள் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கு இந்த மருந்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. தினமும் போடத் தேவையில்லை.

நான்கு வாரத்தில் தலை தெளிந்துவிடும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 1995ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 575 பேருக்கு வாரம் இருமுறை இந்த ஷாம்புவைக் கொடுத்தார்கள். 88 சதவீதம் பேருக்கு மிக நன்றாகக் கேட்டது. குணமானவர்களில் 312 பேரை மூன்று அணியாகப் பிரித்து ஆறு மாதம் தொடர்ந்தார்கள். மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஒரு வாரம் மருந்து, மறுவாரம் வெறும் ஷாம்பு என்று மாற்றிப் போட்டவர்களில் 31 சதவீதம். வாரம் ஒருமுறை விடாமல் மருந்து போட்டவர்களில் 19 சதவீதம் மட்டும். வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் என்ற பழக்கத்தின் விலை இந்த வித்தியாசம்தான்.

கீட்டோகொனசோல் ஈரலைக் கெடுக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். படித்தது பொய்யில்லை, ஆனால் அது மாத்திரையைப் பற்றியது. விழுங்கும் கீட்டோகொனசோலால் கடுமையான ஈரல் பாதிப்பு வருவதால் 2013ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். தலையில் போட்டு அலசும் ஷாம்பு ரத்தத்தில் கலப்பது இல்லையென்றே சொல்லலாம்.

ஒரு மருந்து நான்கு வாரம் சரியாகப் போட்டும் கேட்கவில்லையென்றால் வேறொன்றுக்கு மாறலாம். சைக்ளோபைராக்ஸ், செலினியம் சல்பைடு, ஜிங்க் பைரிதியோன், தார் கலந்த ஷாம்பு என்று வரிசையாக இருக்கின்றன. செலினியம் சல்பைடு போடும்போது நகைகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும், சாயம் போட்ட முடியின் நிறமும் மாறலாம். ஜிங்க் பைரிதியோனை 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருட்களிலிருந்து நீக்கியது, நம் நாட்டில் அது இருக்கிறது. இயற்கையான எதுவும் வேலை செய்யாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்றைக் காட்டலாம்: ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் நடந்த சோதனையில் 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பு நான்கு வாரத்தில் பொடுகை 41 சதவீதம் குறைத்தது, வெறும் ஷாம்பு 11 சதவீதம். நம் சித்த மருத்துவத்தில் பொடுதலை என்ற தரைப்படரும் செடியைப் பொடுகுக்கென்றே வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஒழுங்கான சோதனையை அதற்கும் யாராவது செய்தால் மகிழ்வேன். எலுமிச்சைச் சாற்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கீறிய தோலில் அமிலம் படுவது மருத்துவம் ஆகாது.

செதில் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால் எந்த ஷாம்புவும் உள்ளே போகாது. அப்போது சாலிசிலிக் அமிலம் சேர்ந்த லோஷனை முந்தின இரவோ சில மணி நேரம் முன்னதாகவோ தடவி ஊறவைத்து, பொருக்கு இளகிய பின் குளிக்க வேண்டும். உரித்தெடுக்கக்கூடாது. உரித்தால் முடியும் கூடவே வரும்.

இனி, ஸ்டீராய்டு. இதை நிதானமாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு மருந்துக்கடையில் "தலை அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்றேன். சிறு பாட்டிலில் ஒரு லோஷன் கொடுத்தார்கள். இரண்டு இரவில் அரிப்பு போயிற்று. தெய்வமே வந்து கைவைத்த மாதிரி இருந்தது. அந்த நன்றியில் ஏழு மாதம் தடவினேன். நெற்றியோரத்துத் தோல் வெளுத்து மெலிந்து, பொடிப்பருக்கள் கிளம்பின. நிறுத்தினேன், கரப்பான் இரண்டு பங்காகத் திரும்பியது. அது வீரியமான ஸ்டீராய்டு என்று பாட்டிலின் பெயரைப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது, தூக்கம் கெடும் அரிப்புக்கு, மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கு, அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் அது வீட்டுக்காரரின் கோபத்தைத்தான் தணிக்கிறது, குடியிருப்பவரை ஒன்றும் செய்வதில்லை. பூஞ்சைக்கான மருந்து கூட இல்லாவிட்டால் கோபம் மறுபடி வரும். தவிர, மண்டைத் தோல் மருந்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரத் தோல். முன்கையில் தடவினால் எவ்வளவு ஸ்டீராய்டு உள்ளே போகுமோ, அதைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு தலையில் போகிறது, நெற்றியில் அதைவிட அதிகம். ஸ்டீராய்டு இல்லாமலே அழற்சியைத் தணிக்கும் மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. ரோஃப்ளுமிலாஸ்ட் என்ற நுரை மருந்தை 2023 டிசம்பரில் அமெரிக்கா இந்த நோய்க்கென்றே அனுமதித்தது.

மருத்துவப் புத்தகங்களில் ஒரு குறை உண்டு, அது நம்மை நேரடியாகப் பாதிக்கிறது. தலைக்கரப்பானின் அடையாளம் சிவப்பு என்று எழுதியிருப்பார்கள். படங்களில் இருக்கும் தோல் வெள்ளையர் தோல். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. நெற்றி மயிர்க்கோட்டிலும் மூக்கோரத்திலும் வெளிறிய திட்டுகளாகவோ, சாம்பல் பூத்த மாதிரியோ தெரியும். அதைத் தேமல் என்றோ, சத்துக்குறைவு என்றோ, பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றோ நினைத்துவிடுகிறோம். தேமல் என்று நினைப்பதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தேமலும் மலசீசியாவின் வேலைதான், உடம்பில் அது எடுக்கும் இன்னொரு வேடம். இந்த வெளிறல் நோய் அடங்கியபின் மெல்ல நிறம் கூடிவிடும். வெண்குஷ்டம் என்று பயந்து அழுத ஒரு பெண்ணுக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

முடி கொட்டுவதைப் பற்றிய பயமும் அப்படித்தான். கடும் அரிப்பும் அழற்சியும் இருக்கும்போது முடி கூடுதலாக உதிரலாம், ஆனால் இந்த நோய் மயிர்க்காலை அழிப்பதில்லை. அடங்கினால் முளைக்கும். ஷாம்பு போட்ட அன்று தரையில் நிறையத் தெரிவது, வாரம் முழுக்க வேரிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும்.

எது தலைக்கரப்பான் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு விட்டுவைத்த ஐந்து வயதுக் குழந்தைக்கு வருகிறேன். அந்த வயதில் செதிலோடு வட்டமாக முடி முறிந்து, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது படை, வேறொரு பூஞ்சை. அது மயிருக்குள்ளேயே புகுந்துவிடுவதால் ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அது ஒட்டும், அண்ணன் தங்கை தலையையும் பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகத் தடித்து, மயிர்க்கோட்டைத் தாண்டி நெற்றியில் இறங்கி, நகங்களில் குண்டூசி குத்திய மாதிரிக் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ். நரை மறைக்கச் சாயம் போட்ட ஓரிரு நாளில் காது, பிடரி, கண்ணிமை வீங்கி அரித்தால், சாயத்தில் உள்ள பாராஃபினிலீன்டைஅமீன் ஒவ்வாமை. சீக்கிரம் கறுக்கும் மருதாணிப் பொடிகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் தலைக்கரப்பான் கடுமையாக வரும். இதுவரை இல்லாத ஒருவருக்குத் திடீரென்று முகமும் மார்புமாகப் பரவினால் மருத்துவர் அதன் பின்னால் இருப்பதைத் தேடுவார்.

எண்ணெயை விட்டுவிட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கும்போதே முகம் வாடிவிடுகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நமக்கு வெறும் சுத்தம் அல்ல என்பது எனக்குத் தெரியும். கரப்பான் கிளம்பியிருக்கும் வாரங்களில் தலையில் எண்ணெய் வைக்க வேண்டாம். அடங்கிய பின், முடிக்கு வைத்து, ஒரு மணி நேரத்தில் அலசிவிடலாம். இரவெல்லாம் மண்டையில் ஊறவிடுவது மட்டும் கூடாது. ஆலிவ் எண்ணெய் எப்போதும் வேண்டாம், அதில் ஓலிக் அமிலமே பெரும்பங்கு.

என் மகள் பிறந்து ஐந்தாவது வாரம், அவள் உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு படிந்தது. ஊர்ந்து வந்த மெழுகு உறைந்த மாதிரி. அம்மா பார்த்ததுமே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் தடுக்கவில்லை. பச்சிளங்குழந்தைக்குச் சாலிசிலிக் அமிலம் கூடாது, பெரியவர்களின் மருந்து எதுவும் தேவையுமில்லை. எண்ணெய் தொட்டுப் பொருக்கை இளக்குவதுதான் அங்கே முதல் வைத்தியம். "ராத்திரி பூரா வேணாம்மா, அரை மணி நேரத்துல குளிப்பாட்டிடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மென்மையான பிரஷால் இளகியதை மட்டும் நீவி, குழந்தை ஷாம்புவால் கழுவினோம். ஒட்டியிருந்ததை விட்டுவிட்டோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை இப்படி. ஐந்தாம் மாதம் குலதெய்வம் கோவிலில் முதல் மொட்டை என்று நாள் குறித்திருந்தார்கள். பொருக்கின் மேல் கத்தி படக்கூடாது என்று அம்மாவே எல்லோரிடமும் பேசித் தள்ளிவைத்தார். ஒன்பதாம் மாதம் மடியில் வைத்து மொட்டையடித்தபோது, கத்திக்கு அடியில் தலை வழவழவென்று இருந்தது.